ஹெல்மெட்டுக்குள் ராயகிரி மச்சினன்

பாண்டியராஜன் ஏற்றிக்கொண்டு போகாமல் அவர் வீட்டில் யாரும் எங்கேயும் போனதில்லை. இது அவருடைய எண்ணம். இந்த எண்ணத்தை வைத்துக்கொண்டே மனுஷர் பாதி ஆயுளை ஓட்டிவிட்டார். சந்தோஷமாகவே ஓட்டினார், அதையும் சொல்ல வேண்டும்.

குருவிகுளம் யூனியன் ஆபீஸில் வேலை பார்த்து, சூப்பிரண்டாக ஓய்வு பெற்றவர். வீடு சங்கரன்கோவிலில், ராஜபாளையம் ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி. மனைவி மாலா, ஒரே மகள் தேன்மொழி, ஒரே பைக். அந்த ஒரு பைக்கை வைத்துக்கொண்டு அவர் நடத்திய நிர்வாகம் இருக்கிறதே, அதில் பாதியை ஆபீஸில் நடத்தியிருந்தால் இன்னும் பெரிய பதவியில் ஓய்வு பெற்றிருப்பார். முன்னால் பெட்ரோல் டாங்கின் மேல் மகள். பின்னால் ஒரு பக்கமாகத் திரும்பி உட்கார்ந்த மாலா. அவள் மடியில் துணிப் பை. ஹேண்டில் பாரில் சாப்பாட்டுத் தூக்கு. மகளைப் பள்ளிக்கூட வாசலில் இறக்குவார், மாலாவைத் தேரடியில் இறக்குவார், அப்புறம் குருவிகுளம் பார்த்து ஒரே விரட்டு. சாயங்காலம் திரும்பும்போது இறக்கினவர்களை எல்லாம் பொறுக்கிக்கொண்டு வருவார். மிக்ஸி ரிப்பேரோ ரேஷன் சீனியோ, எதுவானாலும் அவர் போகிற வழியில் இருக்க வேண்டும். அவர் போகிற வழியில் இல்லாத வேலை அந்த வீட்டில் வேலையாகவே கருதப்படவில்லை.

மாலா ரவிக்கை தைக்கிறவள். தேரடிக்குப் பக்கத்துச் சந்தில் அவளுடைய சிநேகிதி ஜுலைகா பீவியின் வீடு. அங்கே இரண்டு மிஷின் போட்டு இரண்டு பேரும் சேர்ந்து தைத்தார்கள். சாயங்காலம் மாலா தேரடிக்கு வந்து நிற்க வேண்டும், பாண்டியராஜன் வந்து ஏற்றிக்கொள்வார் என்பது ஏற்பாடு. ஏற்பாட்டில் ஒரே ஒரு குறை. அவர் சொன்ன நேரத்துக்கு வந்ததே கிடையாது. ஊருக்குள் நுழைந்ததும் ரிபாயியின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை ஓரங்கட்டுவார். செயினில் என்னமோ சத்தம் கேட்கிறது என்பார். ரிபாயி குனிந்து பார்த்துவிட்டு ஒரு மண்ணும் இல்லை என்பார். அப்புறம் பக்கத்து டீக்கடை. அங்கே உரக்கடை வைத்திருக்கும் பேச்சிராஜ் கால் மேல் கால் போட்டு உட்கார்ந்திருப்பார். அவரிடம் மாட்டினால் உடனே எழுந்து வர முடியுமா? அதுவரை மாலா தேரடியில் நிற்பாள். மழை வந்தால் பூக்காரி பிச்சம்மாளின் தார்ப்பாய்க்குள் ஒதுங்கி நிற்பாள். ஏன் இவ்வளவு நேரம் என்று ஒரு நாளாவது கேட்டிருப்பாளா? கேட்டதில்லை. அதனால், தாம் லேட்டாக வருகிற விஷயமே பாண்டியராஜனுக்குத் தெரியாது.

"நான் இல்லைன்னா அவளுக்கு பஸ் ஸ்டாண்டுக்குப் போக வழி தெரியாது வே" என்று டீக்கடையில் சலித்துக்கொள்வார். சலிப்பு வாயில்தான். முகத்தைப் பார்த்தால் அத்தனை பெருமை.

தேன்மொழி காலேஜுக்குப் போக ஒரு ஸ்கூட்டி வாங்கிக் கொடுத்திருந்தார். படிப்பு முடிந்து, கல்யாணமும் முடிந்து, அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள். ஸ்கூட்டி வீட்டில் நின்றது. சும்மா நின்றால் வண்டி பாழாகிவிடும், ஜுலைகா பீவி வீட்டில் விட்டால் அவளாவது ஓட்டுவாள் என்று மாலா சொன்னாள். பாண்டியராஜன் தாராளமாகச் சம்மதித்தார். பெண்பிள்ளைகள் ஓட்டினால் பெண்பிள்ளைகள் வண்டி நல்லபடியாக இருக்கும் என்று ஒரு கருத்தும் சொன்னார்.

ஓய்வு பெற்ற பிறகு அவருடைய நிர்வாகம் இன்னும் கெட்டிப்பட்டது. ஆபீஸ் இல்லை. ஆனால் காலையில் மாலாவைத் தேரடியில் இறக்க வேண்டுமே, சாயங்காலம் கூட்டி வர வேண்டுமே. தான் இருப்பதற்கு ஒரு அர்த்தம் வேண்டும் அல்லவா மனுஷருக்கு. அது அந்த இரண்டு சவாரியில் இருந்தது.

அதற்குத்தான் வந்தது கேடு. ஒரு வெள்ளிக்கிழமை தேரடியில் வண்டியைத் திருப்பும்போது பிச்சம்மாளின் பூக்கூடையில் ஏற்றிவிட்டார். பிச்சி, மல்லி எல்லாம் ரோட்டில். கூடையை நடு ரோட்டில் வைத்தால் ஏற்றாமல் என்ன செய்வார்கள் என்று இவர் கத்தினார். கூடை எங்கே வழக்கமாக இருக்குமோ அங்கேதான் இருந்தது. மறுவாரம் ஒரு ஆட்டை உரசினார், ஆடு குறுக்கே வந்தது என்றார். அடுத்தபடியாக ரிபாயியின் ஒர்க்‌ஷாப் போர்டிலேயே போய் முட்டினார். போர்டு குறுக்கே வந்தது என்று சொல்ல வாய் வரவில்லை. ரிபாயி வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு, செயினை விட்டுவிட்டு முதலில் கண்ணைக் காட்டும் வே என்றார்.

திருநெல்வேலியில் கண் டாக்டர் மெஷினில் வைத்துப் பார்த்தார். கண்ணில் நீர் அழுத்தம் ஏறிப் பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது, போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றச் சொட்டு மருந்து விட வேண்டும், இனி வண்டி ஓட்டக் கூடாது என்றார். "நான் நேராத்தானே டாக்டர் ஓட்டுதேன், பக்கத்துல எனக்கு என்ன வேலை" என்று பாண்டியராஜன் வாதாடினார். டாக்டர் மாலாவைப் பார்த்தார். வீட்டுக்கு வந்ததும் மாலா பைக் சாவியை வாங்கிப் பீரோவில் வைத்தாள். எந்தத் தட்டில் வைத்தாள் என்று சொல்லவில்லை.

அந்த நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம், பாவம். ஷேர் ஆட்டோவில் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் பைகளுக்கு நடுவில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து போனார். பார்க்கிறவர்கள் எல்லாம் வண்டி என்னாச்சு என்று கேட்டார்கள். ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது என்றார். ஒரு பைக் எத்தனை நாள் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்? பொய்க்குத் துணை போன ரிபாயியின் தொழிலுக்கே கெட்ட பெயர் வந்துவிடும் போல ஆனது.

அப்போதுதான் ஒரு நாள் மாலா ஸ்கூட்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். தானே ஓட்டிக்கொண்டு வந்தாள். பாண்டியராஜன் செய்தித்தாளை மடக்கிவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஜுலைகா பீவி ஒரு வாரமாகச் சொல்லிக் கொடுத்தாள் என்றாள் மாலா. ஒரு வாரத்தில் இப்படி ஓட்ட வருமா என்று அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. இவ்வளவு நாள் என் பின்னால் உட்கார்ந்து பார்த்ததில் படிந்திருக்கும் என்று தனக்குத் தானே விளக்கம் சொல்லிக்கொண்டார். அந்த விளக்கம் அவருக்குப் பிடித்தும் இருந்தது.

பின்னால் ஏறுங்கள் என்றாள் அவள். இங்கேதான் விஷயம் முட்டியது. இந்த ஊரில் கெழவன் தன் மகன் பின்னால் போவான், அண்ணன் தம்பி பின்னால் போவான், ஒரு பைக்கில் மூன்று தடியன்கள் ஒட்டிக்கொண்டும் போவார்கள், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பெண்டாட்டி ஓட்ட, புருஷன் பின்னால் உட்கார்ந்து தேரோடும் வீதியில் போனால்? அவர் அதை யாரையும் செய்ய விட்டதில்லை, வாயாலேயே. டீக்கடையில் உட்கார்ந்து அப்படிப் போனவர்களை எல்லாம் பெயர் வைத்துக் கூப்பிட்டுச் சிரித்தவர் அவர்தான். இப்போது தானே ஏறினால் பேச்சிராஜ் விடுவாரா? ஊரில் இவ்வளவு காலம் தலை நிமிர்ந்து போன தன் மரியாதை ஒரு ஸ்கூட்டியின் பின் சீட்டில் போய்விடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார்.

யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். பஸ் ஏறி ராஜபாளையம் போய், முகம் முழுக்க மூடுகிற கறுப்பு ஹெல்மெட் ஒன்று வாங்கி வந்தார். கண்ணாடியும் கறுப்பு. உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. உள்ளூரில் வாங்கினால் விஷயம் வெளியே வந்துவிடும் என்று வெளியூரில் வாங்கின புத்திசாலி. ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. சங்கரன்கோவிலில் வண்டி ஓட்டுகிறவனே ஹெல்மெட் போடுவதில்லை. போலீசைக் கண்டால் டாங்கின் மேலிருந்து எடுத்து மாட்டுவான். பின்னால் உட்காருகிறவன் ஹெல்மெட் போட்டு இந்த ஊர் கண்டதே கிடையாது. தெருவில் விளையாடுகிற பிள்ளைகள் கூட நின்று வேடிக்கை பார்த்தன. மறைந்து போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, ஊரில் ஒரே ஒரு ஆளாகப் போனார் பாண்டியராஜன்.

வீட்டிலிருந்து அப்படிப் போய், டீக்கடைக்கு முந்தின திருப்பத்தில் இறங்குவார். ஹெல்மெட்டைக் கழற்றி மாலா கையில் கொடுப்பார். சீப்பால் தலையை வாரிக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வீட்டிலிருந்தே நடந்து வந்த மாதிரி போய் உட்காருவார். சர்க்கரைக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லி வைத்திருந்தார். நடந்ததில் ஆள் நன்றாக மெலிந்துவிட்டார் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அவரும் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

வண்டியில் போகும்போது சும்மா வருவாரா? பின்னாலிருந்து பாடம் நடத்துவார். பிரேக் பிடி, ஹார்ன் அடி, அந்த ஆட்டோக்காரன் திரும்புவான் பாரு. ஹெல்மெட்டுக்குள் பேசுவதால் பாதி கேட்காது. கேட்ட பாதிக்கு மாலா தலையை ஆட்டுவாள். நான் சொல்லித் தரப்போய்த்தான் இவள் விழாமல் ஓட்டுகிறாள் என்று அவர் மனதார நம்பினார்.

ஒரு நாள் டீக்கடையில் பேச்சிராஜ் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அண்ணாச்சி, தப்பா நெனைக்கப்படாது. மைனி ஸ்கூட்டி ஓட்டிட்டுப் போறதப் பாத்தேன். நல்ல விஷயம். ஆனா பின்னால ஒருத்தன் உக்காந்து போறான் பாத்துக்கிடும். மொகத்த மூடிக்கிட்டு. யாரு வே அது?"

பாண்டியராஜன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நான்தான் என்று சொன்னால் மானம் போச்சு. தெரியாது என்று சொன்னால் பெண்டாட்டி பெயர் போச்சு. மனுஷர் யோசித்தது ஒரு நொடி.

"எம் மச்சினன். ராயகிரிலேருந்து வந்திருக்கான்" என்றார்.

மாலாவின் அண்ணன் சங்கரநாராயணன் ராயகிரியில் டிராக்டர் ஓட்டுகிற ஆள். லாரியும் ஓட்டுவார். அவர் தலையில் இது விழுந்தது. பேச்சிராஜ் விடவில்லை. ஒரு ஆம்பளைக்கு வண்டி ஓட்டத் தெரியாதா, தங்கச்சி பின்னால் இப்படி முக்காடு போட்டுக்கொண்டு போகலாமா, கேட்கவே கூச்சமாக இருக்கிறதே என்றார். கடையில் இருந்த எல்லோரும் ராயகிரிக்காரனை ஆளுக்கு ஒரு வாய் ஏசினார்கள். பாண்டியராஜன் சும்மா இருந்தால் சந்தேகம் வரும் என்று தானும் சேர்ந்துகொண்டார். சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான், தைரியம் கிடையாது, ரோட்டைக் கண்டாலே பயம் என்றார். தன்னைத் தானே இவ்வளவு ருசித்து ஏசின மனுஷனை நான் பார்த்ததில்லை.

வீட்டில் வந்து, எப்படிச் சமாளித்தேன் பார்த்தாயா என்று மாலாவிடம் சொன்னார். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "எங்க அண்ணன் தலையிலயா கொண்டுபோய் வச்சிய?" என்று மட்டும் கேட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அவருக்கும் உள்ளே கொஞ்சம் குத்தியது. ஆனால் மறுநாள் டீக்கடையில், மச்சினன் ஊருக்குப் போயாச்சா என்று கேட்டபோது, இல்லை, கொஞ்ச நாள் இருப்பான் என்றார். வேறு என்ன சொல்வார்? தினமும் ஏறியாக வேண்டுமே.

இப்படியே ஒரு வருஷம் போனது. ராயகிரி மச்சினன் தங்கச்சி வீட்டிலேயே தங்கிவிட்டான், சோம்பேறி என்று ஊரில் நிலைத்துவிட்டது.

ஜனவரி மாதம். சாலைப் பாதுகாப்பு மாதம் என்று ஊர் முழுக்க பேனர். ஒரு காலையில் ராஜபாளையம் ரோட்டுத் திருப்பத்தில் டிராபிக் எஸ்.ஐ. கையை நீட்டி ஸ்கூட்டியை நிறுத்தினார். பாண்டியராஜனுக்கு உள்ளே வேர்த்துவிட்டது. லைசென்ஸ் இருக்கிறதா, இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று மாலாவிடம் பதறினார். எஸ்.ஐ. எதையும் கேட்கவில்லை. கையெடுத்துக் கும்பிட்டார். நானும் ஒரு வருஷமாகப் பார்க்கிறேன், இந்த ஊரில் பின்னால் உட்கார்ந்து ஹெல்மெட் போடுகிற ஒரே ஆள் நீங்கள்தான், மேடமும் போட்டிருக்கிறார்கள், உங்களை மாதிரி தம்பதியைத்தான் தேடிக்கொண்டிருந்தோம் என்றார். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாண்டு முன்னால் விழா, மேடையில் பொன்னாடை போர்த்தி ஷீல்டு தருகிறோம், அவசியம் வர வேண்டும். பெயர் என்ன?

ஹெல்மெட் மறுபக்கம் திரும்பிக்கொண்டது. மாலாதான் சொன்னாள். தன் பெயரையும் சொன்னாள், புருஷன் பெயரையும் முழுசாகச் சொன்னாள். குருவிகுளம் யூனியன் ஆபீஸையும் விடவில்லை.

சனிக்கிழமை ராத்திரிச் சாப்பாட்டிலேயே பாண்டியராஜனுக்கு வயிற்று வலி வந்துவிட்டது. நாளைக்கு எழுந்திருக்க முடியாது போலிருக்கிறது என்று முனகினார். ஓமத்தண்ணி போட்டுக் கொடுத்தாள் மாலா. அதைக் குடித்தும் வலி போகவில்லை, எப்படிப் போகும். காலையில் அவர் படுத்தபடியே ஒரு கண்ணால் பார்த்தார். மாலா மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டுச் சேலையைக் கட்டிலில் விரித்து வைத்திருந்தாள். ரவிக்கை புதிதாகத் தைத்திருந்தாள். ஊர்ப் பெண்களுக்கு எல்லாம் விசேஷத்துக்கு ரவிக்கை தைத்துக் கொடுக்கிறவள், தன்னை மேடைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று தனக்கு ஒன்று தைத்துக்கொண்டது இதுதான் முதல் தடவை. அவர் முனகல் அவள் காதில் விழுந்தது. சேலையை மறுபடி மடிக்க ஆரம்பித்தாள். மடிப்பு கலையாமல், மெதுவாக.

அதைப் பார்த்துவிட்டுப் படுத்திருக்க முடியுமா? கோபமோ சண்டையோ என்றால் அவர் தாக்குப் பிடித்திருப்பார். அந்த மடிப்புக்கு முன்னால் அவரால் முடியவில்லை. எழுந்து உட்கார்ந்து, வலி கொஞ்சம் தேவலை என்றார்.

பஸ் ஸ்டாண்டு முன்னால் பந்தல். கூட்டம் இருக்காது என்று நினைத்துப் போனார். ஊரே இருந்தது. முன் வரிசையில் பேச்சிராஜ். அவர் பக்கத்தில் ரிபாயி. அந்தப் பக்கம் பெண்கள் வரிசையில் ஜுலைகா பீவி. முன்மாதிரித் தம்பதி பாண்டியராஜன், மாலா என்று மைக்கில் கூப்பிட்டார்கள். ஹெல்மெட்டோடு மேடை ஏற வேண்டும் என்பது எஸ்.ஐ.யின் ஆசை. ஏறினார். இப்போது கழற்றுங்கள், முகத்தை எல்லோரும் பார்க்கட்டும் என்றார்கள். கழற்றினார். ராயகிரி மச்சினன் மறைந்து குருவிகுளம் சூப்பிரண்டு வெளியே வந்தார்.

பாண்டியராஜன் கூட்டத்தைப் பார்க்காமல் பந்தல் கம்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். சிரிப்பு வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை. முதலில் கை தட்டியது பேச்சிராஜ். அப்புறம் எல்லோரும் தட்டினார்கள். யாருமே ஆச்சரியப்பட்ட மாதிரி தெரியவில்லை, அதுதான் அவருக்கு உதைத்தது.

எஸ்.ஐ. மாலாவிடம் மைக்கைக் கொடுத்தார். எவ்வளவு காலமாக வண்டி ஓட்டுகிறீர்கள், பெண்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்றார். மாலா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வீட்டில் சொன்ன ஒரு வாரக் கதை அவளுக்கு நினைவில் இல்லை, மேடையில் நின்று யோசிக்கப் பழக்கமும் இல்லை.

"எம் மக கல்யாணம் முடிஞ்சி கோயம்புத்தூர் போனாள்ளா, அந்த மறு மாசத்துலேருந்து ஓட்டுதேன்" என்றாள். "ஊருல நான் போகாத தெரு கெடையாது. பயப்படாம ஓட்டுங்க."

ஜுலைகா பீவி மறுபடி கை தட்டினாள். பாண்டியராஜன் மேடையில் நின்றபடியே கணக்குப் போட்டார். மகளுக்குக் கல்யாணமாகிப் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அப்படியானால் தான் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தபோதே. தினமும் தேரடியில் இறக்கிவிட்டுப் போனேனே, தினமும் தேரடியில் வந்து கூட்டிக்கொண்டு போனேனே, அப்போதே. பொன்னாடையைப் போர்த்தினார்கள். அது அவருக்குத் தெரியவே இல்லை.

கீழே இறங்கியதும் ரிபாயி வந்து தோளில் கை போட்டார். பேச்சிராஜையும் கடையையும் நினைத்துப் பாண்டியராஜன் என்னமோ சொல்ல வாயெடுத்தார். ரிபாயி முந்திக்கொண்டார்.

"ஊருக்கு மொத நாளே தெரியும் வே. அந்த மச்சினன் உம்ம சட்டையத்தான போட்டுருந்தான்."

ஒரு வருஷம் ஆளுக்கு ஒரு வாய் ஏசினார்களே, அது ராயகிரிக்காரனை இல்லை. தன்னைத்தான் முகத்துக்கு நேராக வைத்து ஏசியிருக்கிறார்கள், தானும் கூடச் சேர்ந்து ஏசியிருக்கிறார். இதற்குக் கோபப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிந்தது. ஆனால் மனசு அங்கே நிற்கவில்லை. அது தேரடியில் நின்றது.

மாலா வண்டியை எடுத்து வந்தாள். இவர் ஏறாமல் நின்றார். கூட்டம் போகட்டும் என்று காத்திருந்துவிட்டுக் கேட்டார்.

"ஒனக்குத்தான் வண்டி இருந்துச்சே. நேரா வீட்டுக்கு வந்துருக்கலாம்லா. எதுக்குட்டி தேரடில வந்து நின்ன?"

மாலா ஷீல்டைத் துணிப் பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்.

"நீங்க வந்து கூப்பிடுவியல்லா. வந்து பாக்கும்போது நான் இல்லைன்னா ஒங்களுக்கு எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான் அவள் சொன்னது. குத்திக் காட்டவில்லை, அழவில்லை. எந்தச் சாமான் எங்கே இருக்கிறது என்று சொல்லுகிற குரலில் சொன்னாள். ஒரு வருஷம் ஹெல்மெட்டுக்குள் ஒளிந்த தன் வெட்கமும் மரியாதையும் எல்லாம் சேர்ந்து அந்த ஒரு பதிலுக்கு ஈடாகாது என்று அவருக்குத் தோன்றியது. வெறும் தலையோடு ஏறப் போனார். பார்க்கிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்று ஒரு வீறாப்பு. மாலா விடவில்லை. இப்போதுதான் ஷீல்டு கொடுத்திருக்கிறார்கள், ஒழுங்காக மாட்டுங்கள் என்றாள். மாட்டினார். கறுப்புக் கண்ணாடியை மட்டும் மேலே தூக்கிவிட்டுக்கொண்டார்.

ரத வீதிக்குள் வந்ததும் மாலா தேரடியில் வண்டியை நிறுத்தினாள். கல்யாண வீட்டுக்கு ஒரு ரவிக்கை கொடுக்க வேண்டும், உள்சந்து, இவர் இறங்கி நின்றால் வண்டி சுலபமாகத் திரும்பும். "இங்கன நில்லுங்க, கொடுத்துட்டு ஓடியாந்துருதேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நின்றார். கையில் ஹெல்மெட், தோளில் பொன்னாடை. கோயிலுக்குப் போகிறவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனார்கள். வெயில் ஏறியது. இந்தப் பக்கம் வருவாளா அந்தப் பக்கம் வருவாளா என்று இரண்டு பக்கமும் பார்க்க வேண்டியிருந்தது. அவருடைய கண்ணுக்கு அது கழுத்து வேலை. ஒவ்வொரு ஸ்கூட்டி சத்தத்துக்கும் திரும்பினார். காலை மாற்றி மாற்றி ஊன்றினார். ஓடியாந்துருதேன் என்றால் எவ்வளவு நேரம் என்று முதல் தடவையாக யோசித்தார். தான் ஒர்க்‌ஷாப்பில் கேட்ட செயின் சத்தமும், குடித்த டீயும், பேச்சிராஜோடு அடித்த அரட்டையும் இந்த இடத்தில் மாலாவுக்கு இப்படித்தான் கழிந்திருக்கின்றன.

பூக்காரி பிச்சம்மாள் தார்ப்பாய்க்குள்ளிருந்து கூப்பிட்டாள். பழைய கூடைச் சண்டையை அவள் மனசில் வைத்திருக்கவில்லை.

"நெழலுக்கு வாங்க அண்ணாச்சி. மாலா நிக்கிற எடம் இதுதான். வண்டிய ஜுலைகா வீட்டுல போட்டுட்டு மூச்சு வாங்க ஓடியாருவா. வந்ததும், ‘அவிய வந்துட்டுப் போயிட்டாவளாக்கா’ன்னுதான் கேப்பா."

பாண்டியராஜன் நிழலுக்குப் போனார். சாக்கு ஒன்று விரித்திருந்தது. அதன் மேல் நின்றுகொண்டார். அன்றைக்கு உன் கூடையில் ஏற்றினது என் தப்புதான் என்று பிச்சம்மாளிடம் சொன்னார். அவள் அது எந்தக் காலம் என்று சொல்லிவிட்டுப் பூவைத் தொடுத்தாள்.

அந்த நேரத்துக்கு பேச்சிராஜ் பைக்கில் வந்தார். விழாவிலிருந்து வீட்டுக்குப் போகிறவர். பொன்னாடையைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியை நிறுத்தினார். சிரித்தாலும் நல்ல மனுஷன்தான், இல்லையென்று சொல்ல முடியாது.

"என்ன அண்ணாச்சி, வெயில்ல தனியா நிக்கீரு? ஏறும், வீட்டுல கொண்டு விட்டுட்டுப் போறேன்."

ஆம்பளை ஓட்டுகிற வண்டி. பின்னால் ஏறினால் ஒருவரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை. கால் வலித்தது, தாகமாகவும் இருந்தது. மாலா வருகிற பக்கம் கழுத்தை நன்றாகத் திருப்பி ஒரு தடவை பார்த்துக்கொண்டார் பாண்டியராஜன்.

"வேண்டாம் வே, நீரு போவும்" என்றார். "எம் பொண்டாட்டி கூப்பிட வருவா. வந்து பாக்கும்போது நான் இங்கன நிக்கணும்."

பேச்சிராஜ் வண்டியை மிதித்துக்கொண்டு போய்விட்டார். பாண்டியராஜன் ஹெல்மெட்டை எடுத்துத் தலையில் மாட்டி, வாரைக் கட்டிக்கொண்டு, தயாராக நின்றார்.